தலைவர் காருக்குள் இருக்கிறார்

மே 14

டீயில் உப்பைப் போட்டுக் குடித்திருக்கிறேன். பாதி கப் முடிந்த பிறகு என் மனைவி மேவிஸ்தான் டப்பாவைக் கவனித்தாள். "எப்படி இருக்கு?" என்று கேட்டாள். "நல்லா இருக்கு" என்றேன். அவள் கப்பை வாங்கி மணலில் கவிழ்த்தாள்.

மாமாவின் அடக்கம் போன வெள்ளிக்கிழமை. இப்போது எல்லோரும் வெளியே மணலில் போட்ட துக்க முகாமில்தான் படுக்கிறோம். மெத்தைகள், நாய்கள், புகை. மாமாவின் வீட்டைப் பூட்டியாயிற்று. பெயரையும் பூட்டியாயிற்று; செத்தவர் பெயரை எங்கள் ஆட்கள் வாயில் எடுப்பதில்லை. அதே பெயர் வைத்திருக்கும் பெட்ரோல் பங்க்காரரை இனி "உன்னத்தான்ப்பா" என்றுதான் கூப்பிட வேண்டும்.

அம்மா போன பிறகு என்னை வளர்த்தவர் மாமா. எல்லோரும் அழுதார்கள். நான் விறகு பொறுக்கப் போனேன். இன்றைக்கும் போனேன். குளிர்காலம் முழுக்க வரும், அவ்வளவு விறகு.

மே 17

எங்கள் ஆட்களின் நிலத்தைப் பார்த்துக்கொள்ளும் நிலச் சங்கத்துக்கு நான் தலைவர் ஆகிவிட்டேன்.

மாமாவின் மகன் டட்லிதான் ஆரம்பித்தான். "அப்பா உட்கார்ந்த இடத்துல அவர் வளர்த்தவனே உட்காரட்டும்." நெருப்பைச் சுற்றி இருந்தவர்கள் "ம்" என்றார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். தலையாட்டினேன்.

பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு என்னைக் கைகழுவியது. எனக்குத் தெரிந்த ஒரே வித்தை, ரோட்டைச் சமன் செய்யும் கிரேடர் வண்டி ஓட்டுவது. தலைவராம்.

மே 22

சுரங்கக் கம்பெனியிலிருந்து கவின் வந்தார். தொப்பியைக் கழற்றிக் கை கொடுத்தார். பிறகு மாமாவைப் பற்றி, மழையைப் பற்றி, ஊற்றுக்குப் பக்கத்தில் ஏதோ தோண்டுவதைப் பற்றி. வாய் அசைவது தெரிந்தது. புகை அவர் முகத்தில் அடித்துக்கொண்டே இருந்தது. ஏன் நகர மாட்டேன் என்கிறார் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"அப்ப சரிதானே, வெர்னன்?"

"ஆமா ஆமா. சரி."

போய்விட்டார். போலீசுக்கும் வாத்தியாருக்கும் எங்கள் தாத்தா காலத்திலிருந்து கொடுத்துவரும் மருந்து அது. சரி என்றால் போய்விடுவார்கள்.

ஜூன் 6

வேலைக்குத் திரும்பினேன். அடுத்து ஊற்றுக்குப் போகும் தடத்தை அகலமாக்கணும் என்றார் மேஸ்திரி. சரி என்றேன். ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை.

ஜூன் 19

ரோவீனா ரேஞ்சர் உடுப்போடு நேராக என் முன்னால் வந்து நின்றாள். என் மகள்தான், ஆனால் கோபம் வந்தால் அவள் அம்மாவின் முகம்.

"அப்பா, ஊத்தைச் சுத்தி மஞ்ச ரிப்பன் கட்டியிருக்காங்க."

"யாரு?"

"கம்பெனிக்காரங்க. ஆழ்துளைக் கிணறு போடப் போறாங்களாம். கேட்டா, உங்க தலைவரே சரின்னுட்டாரேங்கிறாங்க."

"எந்தத் தலைவரு?"

"எங்க வீட்ல மூணு வேளையும் கொட்டிக்கிற தலைவரு."

அப்போதுதான் கவினின் வாய் அசைந்தது ஞாபகம் வந்தது. அங்கே கிணறு இறக்கினால் ஊற்று வற்றிவிடும், அது தெரிய எட்டாம் வகுப்பே போதும்.

அது என் நிலம் இல்லை. மாமியாரின் அப்பா வழி நிலம். அதைப் பற்றிப் பேச வேண்டியவங்க அவங்கதான். அவங்களுக்கும் எனக்கும் பேச்சு கிடையாது, முகம் பார்ப்பது கிடையாது, ஒரே கூரைக்குக் கீழே இருப்பதும் கிடையாது. எங்கள் வழக்கப்படி மாமியாருக்கு மருமகன் காட்டும் மரியாதை அதுதான், கல்யாணம் ஆன நாளிலிருந்து. ஒரு தடவை அவங்க கம்பளி தூரத்தில் தெரிந்ததும் கிரேடரைப் புதருக்குள் விட்டிருக்கிறேன்.

மாமா தலைவராக இருந்தவரை, கூட்டத்தில் ஹீட்டர் பக்கத்து இடம் அவங்களுடையது. நான் தலைவரான பிறகு அவங்க வரவே இல்லை. எப்படி வர முடியும்? என்னை உட்கார வைத்தபோது இது யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியவர்கள் கூச்சப்பட்டுச் சொல்லவில்லை. எனக்கு? நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

இதையெல்லாம் எழுதும்போதாவது வயிற்றில் ஏதாவது செய்ய வேண்டாமா? ஒன்றும் இல்லை. ஊசி போட்ட பல் மாதிரி இருக்கிறது உடம்பு முழுக்க.

ஜூன் 20

சங்க ஆபீஸ். மேனேஜர் ஹெதர் நல்ல பெண். வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது.

"கமிட்டி கூடி வேண்டாம்னு சொல்லிட்டா கம்பெனியால ஒண்ணும் பண்ண முடியாது, வெர்னன். ஆனா அந்த இடத்துக்கு உரியவங்க வந்து பேசணும். அவங்க ஏன் இப்பல்லாம் வர்றதில்ல? உடம்பு சரியில்லையா?"

நான் தரையைப் பார்த்தேன். டட்லி கூரையைப் பார்த்தான்.

"தூரம் ஜாஸ்தி" என்றான் டட்லி.

அவங்க வீட்டு அடுப்புப் புகை அந்த ஆபீசுக்குள்தான் வந்துகொண்டிருந்தது.

ஜூன் 23

ரோவீனா அவள் பாட்டி வீட்டுக்குப் போய்விட்டு வந்தாள்.

"என்ன சொன்னாங்க?"

"ஊத்தைப் பத்தி ஒண்ணும் சொல்லல. இறைச்சி ஏன் வரலைன்னு கேட்டாங்க."

கங்காரு அடித்தால் வால் அவங்களுக்கு. இத்தனை வருஷமும் மேவிஸ் கையில் கொடுத்தனுப்பியிருக்கிறேன். மாமா போன பிறகு நான் வேட்டைக்கே போகவில்லை.

துப்பாக்கியை எடுத்துத் துடைத்தேன். திரும்ப வைத்துவிட்டேன்.

ஜூலை 3

கூட்டம். கவின் முதல் ஆளாக வந்து பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து வைத்தார். ஹெதர், டட்லி, மற்ற கமிட்டிக்காரர்கள். தலைவர் நாற்காலியில் நான். ஹீட்டர் பக்கத்து இடம் காலி.

"இதுல புதுசாப் பேச என்ன இருக்கு? வெர்னன் அன்னிக்கே சரின்னுட்டாரே" என்றார் கவின்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். நாக்கு 'ஆமா ஆமா'வுக்கு வளைந்து நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டேன். அப்படியே நான் வேண்டாம் என்றாலும் யாருடைய வாய் அது? என் நிலமா?

ஜன்னல் வழியே கடைப் பக்கம் பார்வை போனது. ரோவீனா நின்றிருந்தாள். அவள் பக்கத்தில், ஆபீசுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அந்தக் கம்பளி. சட்டென்று கண்ணைத் திருப்பினேன். காத்திருக்காங்க. இந்த நாற்காலியில் நான் இருக்கும்வரை அங்கேயேதான் நிற்பாங்க.

எழுந்தேன்.

"தலைவர் எங்க கிளம்பிட்டீங்க?" என்றார் கவின்.

"காருக்கு."

டட்லிக்குப் புரிந்துவிட்டது. "போ மச்சான். ஹாரன் மட்டும் அடிச்சுராத" என்றான்.

பின்கதவு வழியாக வெளியே வந்து டொயோட்டாவில் ஏறி, ஆபீசுக்கு முதுகு வருகிற மாதிரி திருப்பி நிறுத்தினேன். கண்ணாடியை இறக்கினேன். பின்னால் பார்க்கும் கண்ணாடியை மேலே மடக்கினேன். காலடிச் சத்தம். நாற்காலி இழுபடும் சத்தம். பிறகு குரல். நாய்களை அதட்டும்போது தூரத்தில் கேட்டிருக்கிறேனே தவிர, இவ்வளவு பக்கத்தில் கேட்டதில்லை.

"அது எங்கப்பாவோட தண்ணி. வேணாம்."

கவின் ஏதோ சொன்னார். என் பெயர் காதில் விழுந்தது.

"என் பொண்ணு வீட்டுக்காரரு சரின்னாராமே. அவரு மாமனைப் பொதைச்சுட்டு வந்து உக்காந்திருந்தாரு. துக்கத்துல இருக்கிறவனுக்கு வாய் ஏது? நீ புகைகிட்டப் பேசிட்டுப் போயிருக்கே, தம்பி."

யாரோ பிஸ்கட் கடிக்கும் சத்தம் மட்டும்.

"சந்தேகம்னா திருப்பிக் கேளு. திருப்பிச் சொல்றேன். எனக்கு வேற வேலை கிடையாது."

வேண்டாம் என்பவர்கள் கை தூக்கச் சொன்னாள் ஹெதர். காரில் தனியாக உட்கார்ந்துகொண்டு நானும் தூக்கினேன். ஒரு நாய் பார்த்தது. மெல்ல இறக்கினேன். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டேன். அது சில்லென்று இருந்தது இப்போதுதான் தெரிந்தது.

உள்ளே அத்தனை கையும் தூக்கினதாம்; கிணறு கிடையாது. என் ஓட்டு செல்லுமா என்று ஹெதர் டட்லியிடம் கேட்டிருக்கிறாள். "கார் கண்ணாடி தெறந்துதானே இருந்துச்சு" என்றானாம்.

ஜூலை 4

இனி ஊற்றுப் பேச்சு வரும் கூட்டங்களை டட்லி நடத்துவான். தலைவர் காரில் இருப்பார். ஊரே சிரிக்கிறது.

"அம்மாவும்தான் சிரிச்சாங்க. போன தலைவரைவிட இவரு சத்தம் கம்மின்னாங்க" என்றாள் மேவிஸ்.

ஜூலை 12

ஒரு கங்காரு அடித்தேன். வால் மேவிஸ் கையில் போனது. தட்டு கழுவித் திரும்பி வந்தது.

ஜூலை 20

மாமாவின் ஆவி நிம்மதியாகப் போகட்டும் என்று, பூட்டிய அவர் வீட்டைத் திறந்து புகை போட்டோம். பச்சை இலைப் புகை அறை அறையாகப் போனது. கடைசி அறைக்கு நான் தூக்கிக்கொண்டு போனேன். கண் எரிந்து தண்ணீராகக் கொட்டியது. வெளியே வந்த பிறகும் நிற்கவில்லை.

ஆகஸ்ட் 8

வடக்கு ரோட்டில் கிரேடர் வேலை. ஊற்றுக்குத் திரும்பும் முனையில் மேஸ்திரி நட்ட கம்பு இன்னும் இருந்தது. மஞ்சள் ரிப்பன் இல்லை. அதில் ஒரு துண்டை ரோவீனாவின் நாய் கழுத்தில் கட்டிக்கொண்டு அலைகிறது. தடத்தில் முள்புல் முளைக்கத் தொடங்கியிருக்கிறது.

முனை வந்ததும் மண்ணைச் சீவும் பிளேடைத் தூக்கினேன். தாண்டிய பிறகு இறக்கினேன்.

கொஞ்சம் தள்ளி எஞ்சினை நிறுத்திவிட்டு மேவிஸ் கொடுத்த பிளாஸ்க்கைத் திறந்தேன். டீயில் சர்க்கரை போட மறந்திருக்கிறாள். முதல் வாயிலேயே தெரிந்துவிட்டது.