உங்கள் தேயிலைப் பெட்டியும் நந்தினியின் கம்ப்யூட்டரும்

அக்கா,

போன வெள்ளிக்கிழமை மத்தியானம் அடுப்படியில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தேன். வெளியே மூடுபனி இறங்கி, எதிர் வீட்டுக் கூரைகூடத் தெரியவில்லை. அப்போது ஒரு மணம் வந்தது. டீ கொதிக்கிற மணம் இல்லை. ஃபேக்டரியில் தேயிலையைக் காயவைக்கிற டிரையர் வாயிலிருந்து தூள் சுடச்சுட விழும்போது எழும்புமே, அடித்தொண்டையில் இனிப்பாக இறங்குமே, அந்த மணம். பட்டாணியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

நாம் சேர்ந்து வேலை பார்த்த தேயிலை ஃபேக்டரி மூடிப் பல வருஷம் ஆகிவிட்டது. அன்றைக்கு விழுந்த இலை விலை நடுவில் கொஞ்சம் தலைதூக்கியது, இப்போது மறுபடியும் படுத்துக்கொண்டது. கோத்தகிரி போகிற பஸ்ஸிலிருந்து பார்த்தால் வழியில் இருக்கிற புகைபோக்கி ஒன்றிலும் புகை இல்லை. ஆகவே அந்த மணம் எங்கள் வீட்டுக்கு வருவதற்கு வழியே இல்லை. நீங்கள்தான் வந்துவிட்டீர்களோ என்று ஒரு கணம் நினைத்தேன். திருப்பூரில் நீங்கள் கண்ணை மூடி இரண்டு வருஷம் கழித்து, அதுவும் சரியாகச் சாப்பாட்டு நேரத்துக்கு. உங்கள் வழக்கம்தானே அது.

மூக்கை நம்பி நடந்தேன். அது என்னை நந்தினியின் அறைக்குக் கொண்டுபோய் நிறுத்தியது.

என் பெண் வயிற்றுப் பேத்தி நந்தினியை நீங்கள் கடைசியாகப் பார்த்தபோது அவளுக்கு முன்பல் இரண்டும் இல்லை. இப்போது கோயமுத்தூரில் கம்ப்யூட்டர் படிக்கிறாள். பெருமை பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள், நினைத்தாலும் பரவாயில்லை: அவள் விளையாடுகிற ஒரு சண்டை விளையாட்டில் அவளைப் போலக் குறி பார்த்துச் சுடுகிறவர்கள் இந்த ஜில்லாவில் இல்லையாம். ஐந்து பெண்கள் ஒரு அணி. ஆளுக்கொரு ஊரில் அவரவர் வீட்டிலேயே உட்கார்ந்து, காதில் மாட்டியிருக்கும் கருவியில் பேசிக்கொண்டே ஒன்றாக விளையாடுகிறார்கள். ஈரோட்டுப் பெண் கவிதா அணித் தலைவி. ஞாயிற்றுக்கிழமை ஒரு போட்டி. அதில் ஜெயித்தால் சென்னையில் பெரிய மேடையில் ஆடலாம்.

அந்தப் போட்டிக்காகவே நந்தினி, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துப் பணம் சேர்த்துப் புதிதாக ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்கி வந்தாள். திரையில் படம் வரைகிற வேலை அதனுடையது. ஓர் அடி நீளம், மூன்று சின்ன மின்விசிறி, பார்க்க அழகாகத்தான் இருந்தது. லீவுக்கு வந்த அன்றே பழையதைக் கழற்றிவிட்டு இதை மாட்டினாள். பத்து நிமிஷம் விளையாடினாள். "அம்மிச்சி, இங்க வந்து பாருங்க, புல்லு தனித்தனியா ஆடுது" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். புல் நிஜமாகவே ஆடியது.

அரை மணி கழித்துத் திரையில் பச்சையும் ஊதாவுமாகக் கோடு விழுந்தது. எதிரியின் தலை ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம் நின்றது. அப்புறம் திரை கறுத்து, விளையாட்டு தானாக மூடிக்கொண்டது. அன்றிலிருந்து நான்கு நாளும் இதே கதை. பயிற்சியின் நடுவில் மூன்று தடவை அவள் காணாமல் போனாள். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் சரியாகாவிட்டால் வேறொரு பெண்ணைச் சேர்த்துக்கொள்வதாகக் கவிதா சொல்லிவிட்டாள். கோபமாகச் சொல்லவில்லை, அழுதுகொண்டே சொன்னாளாம்.

நந்தினி செய்யாத வைத்தியம் இல்லை. அந்தக் கார்டைக் கம்ப்யூட்டருக்கு அறிமுகப்படுத்தி வைக்க ஒரு மென்பொருள் உண்டு, அதற்கு டிரைவர் என்று பேர். அதைத் துடைத்துவிட்டுப் புதிதாக ஏற்றினாள். பிறகு அதற்கு முந்தையதை ஏற்றினாள். விளையாட்டையே அழித்து மறுபடி இறக்கினாள், நம் ஊர் இணையத்தில் அதற்கு ஒரு பகல் பிடித்தது. ஸ்டெபிலைசரை மாற்றினாள். கம்ப்யூட்டரை வெளியே எடுத்து வைத்து, கார்டைப் பிடுங்கித் துடைத்து மறுபடி அழுத்தி மாட்டினாள். தரையில் வைத்தே கொஞ்ச நேரம் ஓட்டிப் பார்த்தாள், ஓடியது. சரியாகிவிட்டது என்று திரும்ப அதன் இடத்தில் வைத்தாள். அரை மணியில் மறுபடியும் பச்சைக் கோடு.

சூடாகிறதா என்று பார் என்று முகம் தெரியாத யாரெல்லாமோ அவளுக்கு எழுதியிருந்தார்கள். அதைப் படித்துவிட்டு, ஸ்வெட்டருக்கு மேல் போர்வையும் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் சிரித்தாள். "நம்மளே இங்க வெறச்சுக் கெடக்கறோம், இதுக்குச் சூடாமுங்க அம்மிச்சி." நானும் சேர்ந்து சிரித்தேன். இருந்தாலும் விளையாடாத நேரத்தில் ஒருமுறை திரையில் சூட்டைப் பார்த்தாள். எண் ஒழுங்காகத்தான் இருந்தது. குற்றம் கார்டின் மேல்தான் என்று முடிவு செய்து, கோயமுத்தூர் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோக அட்டைப்பெட்டியைக்கூட எடுத்து வைத்துவிட்டாள். கடைசியாக ஒரு தடவை என்று ஓட்டிக்கொண்டிருந்தபோதுதான் நான் அறைக்குள் போய் நின்றேன்.

அந்தக் கம்ப்யூட்டர் எதற்குள் இருந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும் அக்கா. உங்கள் தேயிலைப் பெட்டிக்குள்.

ஃபேக்டரி மூடிய அன்று ஸ்டோரில் கிடந்த பழைய பலகைப் பெட்டிகளை ஆளுக்கொன்றாக எடுத்துக்கொள்ளச் சொன்னார்களே. மற்றவர்கள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றபோது, நீங்கள் மட்டும் கல்யாணச் சீர் எடுக்கிற மாதிரி ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, மூலைத் தகரம் கழலாத ஒன்றைத் தேர்ந்தெடுத்தீர்கள். பஸ்ஸில் இடமில்லை. பெட்டியை நடுவில் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டீர்கள். கண்டக்டர் பெட்டிக்கும் டிக்கெட் கேட்டான். "பெட்டிக்கு டிக்கெட்டுன்னா, பெட்டி மேல ஒக்காந்து வர்ற எனக்கு வேண்டாமுங்களே தம்பி?" என்றீர்கள். வேலை போன அன்றைக்கு அந்தப் பஸ்ஸே சிரித்தது. அவனும் சிரித்துவிட்டு ஒரே டிக்கெட் கிழித்தான்.

பிறகு உங்கள் மகன் பனியன் கம்பெனி வேலைக்குத் திருப்பூர் போனபோது நீங்களும் கிளம்பினீர்கள். பெட்டியை என் வீட்டில் இறக்கிவிட்டு, "வந்து எடுத்துக்கறேன் அம்மிணி, அதுவரைக்கும் வெங்காயம் கிங்காயம் போட்டு வாசத்தைக் கெடுத்துராத" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். நான் கெடுக்கவில்லை. ஒரு பொருளும் போடவில்லை. அப்படியே பழைய சேலை போர்த்தி வைத்திருந்தேன்.

நந்தினிக்குக் கம்ப்யூட்டர் வந்தபோதுதான் அதைத் திறந்தேன். முன்பு எங்கள் டிவி மூடுபனி ஈரத்தில் கெட்டுப்போனது, அதனால் கம்ப்யூட்டர் பெட்டிக்குள்தான் இருக்க வேண்டும் என்று நான்தான் சட்டம் போட்டேன். உள்ளே ஈயத்தாள் ஒட்டிய பெட்டி, தூளுக்கே ஈரம் படாமல் காத்தது, கம்ப்யூட்டரைக் காக்காதா? பெட்டியைப் படுக்க வைத்து, உள்ளே கம்ப்யூட்டரைத் தள்ளி, ஒயர் போக ஓட்டை போட்டு, குளிர் போகாமலிருக்க வாய்ப்பக்கம் ஒரு கம்பளித் துணியும் தொங்கவிட்டேன். வருகிறவர்களிடமெல்லாம் காட்டிக்கொண்டேன். பழைய கார்டு இருந்தவரை ஒரு தொந்தரவும் இல்லை.

இப்போது மணம் அந்தக் கம்பளித் துணிக்குப் பின்னாலிருந்து வந்தது.

டிரையர் பக்கம் நாம் நின்ற அந்த நாள் நினைவுக்கு வந்துவிட்டது. ஐந்தாம் வகுப்பு படித்தவள் என்ற கர்வத்தில், சூடு காட்டுகிற முள்ளைப் படித்துச் சொல்லும் வேலையை யாரும் கொடுக்காமலே நான் எடுத்துக்கொண்டிருந்தேன். உங்களுக்கு எழுத்தும் தெரியாது, எண்ணும் தெரியாது. விழுகிற தூளைத் தட்டில் அள்ளி முகத்துக்கு நேரே கொண்டுபோவீர்கள். சரியாக இருந்தால் "ஓடட்டும்" என்பீர்கள். சூடு ஏறினால் "எடு" என்பீர்கள். இந்த இரண்டு வார்த்தைக்கு டிரையர்காரர் அப்படிக் கட்டுப்பட்டார். அன்று நீங்கள் "எடு" என்றபோது, முள் சரியாகத்தானே நிற்கிறது என்று நான் குறுக்கே பேசினேன். நான் படித்தவள் ஆயிற்றே, டிரையர்காரர் தயங்கினார். அதற்குள் நாலு தட்டுத் தூள் தீய்ந்துவிட்டது. முள் காலையிலிருந்தே சிக்கிக்கொண்டு நின்றிருக்கிறது. நீங்கள் என்னை ஒன்றும் திட்டவில்லை. "முள்ளைப் பார்த்தியே அம்மிணி, மூக்கை எதுக்கு வச்சிருக்கே, மூக்குத்திக்கா?" என்றீர்கள். அன்று முழுக்கத் தூள் சலிக்கிற அறைப் பெண்கள் என் மூக்கையே பார்த்துச் சிரித்தார்கள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நந்தினிக்குப் பின்னால் நின்று அந்த மணத்தை இழுத்தபோது எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. புரிந்த பிறகும் சில நொடி வாய் திறக்கவில்லை. குற்றம் கார்டில் இல்லை, நான் ஊருக்கெல்லாம் காட்டிப் பெருமைப்பட்ட பெட்டியில் இருக்கிறது. அதை என் வாயாலேயே சொல்ல வேண்டும். கார்டு கோயமுத்தூருக்குப் போனால் பெட்டி இங்கேயே இருக்கும். ஆனால் அவள் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. திரையைப் பார்க்கவில்லை, எப்போது கறுக்கும் என்று காத்திருந்தாள்.

"எடு கண்ணு" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. கம்ப்யூட்டரைப் பெட்டியிலிருந்து எடு என்று விளக்கினேன். நானே கம்பளித் துணியை விலக்கினேன். குப்பென்று முகத்தில் அடித்தது அக்கா, சூடும் மணமும். அவள் உள்ளே கை விட்டு, வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். புதுக் கார்டு விளையாடும்போதுதான் கொதிக்கிறது, விளையாடாத நேரத்தில் பார்த்தால் எண் ஒழுங்காக இருக்காமல் என்ன செய்யும்? மூன்று விசிறியும் அது கக்கின சூட்டையே திரும்பத் திரும்ப இழுத்துக்கொண்டிருந்தன. உங்கள் பெட்டிப் பலகையும், இடுக்கில் ஒட்டியிருந்த பழைய தூளும் இத்தனை வருஷம் கழித்து மறுபடி வறுபட்டிருக்கின்றன.

வெளியே எடுத்துத் தரையில் பலகை போட்டு வைத்தோம். அரை மணி ஆனது. ஒரு மணி ஆனது. கோடு விழவில்லை, எதிரியின் தலை அதன் இடத்திலேயே இருந்தது. நந்தினி திரும்பி என்னைப் பார்த்து, "இத்தன நாளு இந்தப் பொட்டிக்குள்ள வச்சது யாருங்க அம்மிச்சி?" என்றாள். நான்தான் என்றேன். "கண்டுபுடிச்சது யாருங்க?" அதுவும் நான்தான் என்றேன். அப்படியானால் திட்டுவதா கும்பிடுவதா என்று தெரியவில்லை என்றாள். இரண்டையும் போட்டி முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம் என்றேன். அப்புறம்தான் கவிதாவிடம் பேசினாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முழுக்க அவள் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். யார் நம் ஆள், யார் எதிரி என்று எனக்குக் கடைசி வரை பிடிபடவில்லை. அவள் மூச்சைப் பிடித்தால் நானும் பிடித்தேன். கடைசி ஆட்டத்தில் இவள் ஒருத்தி மட்டும் மிச்சம், எதிரிகள் இரண்டு பேர். புல் தனித்தனியாக ஆடியது. திரை கறுக்கவில்லை. அவள் எழுந்து குதித்தபோது நாற்காலி சாய்ந்தது, நானும் சாய்ந்தேன், தாங்கிப் பிடித்துக்கொண்டாள். என்ன கோளாறு என்று கவிதா கேட்டது ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது. "எங்க அம்மிச்சி மூக்குல கண்டுபுடிச்சாங்க" என்றாள் நந்தினி. அப்படியானால் தன்னுடைய கம்ப்யூட்டரையும் ஒருமுறை மலைக்குக் கொண்டுவந்து மோந்து பார்க்கச் சொல்லலாமா என்று அந்தப் பெண் கேட்டாள். காலையில் வெறும் வயிற்றில் கொண்டு வரச் சொல் என்றேன்.

பெட்டியை மறுபடி சேலையால் போர்த்தத் தூக்கினேன். நந்தினி தடுத்தாள். என் முகத்தில் எதையோ பார்த்திருக்க வேண்டும். பெட்டியைக் கம்ப்யூட்டருக்குப் பின்னால் ஒரு கை தூரம் தள்ளி, வாய் கம்ப்யூட்டரைப் பார்க்கப் படுக்க வைத்தாள். சூட்டுக் காற்று தாராளமாக வெளியே போகிறது, போகிற வழியில் பெட்டிக்குள்ளும் கொஞ்சம் நுழைந்து வருகிறது.

ஆகவே அக்கா, பனியில் இந்த ஊரே விறைத்துக் கிடக்கிறது, ஒரு ஃபேக்டரியிலும் நெருப்பு இல்லை, எங்கள் வீட்டில் மட்டும் சாயங்காலம் நாலு மணிக்கு டிரையர் ஓடுகிறது. நான் பெட்டிக்குப் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்து கதகதப்பு வாங்கிக்கொள்கிறேன். சென்னைப் போட்டிக்காக நந்தினி பயிற்சி எடுக்கிறாள். திரையில் சூடு காட்டும் எண்ணை விளையாடும்போதே தெரிகிற மாதிரி ஒரு மூலையில் வைத்திருக்கிறாள். இருந்தும் அரை மணிக்கொருதரம், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "அம்மிச்சி?" என்று ஒரு குரல் கொடுப்பாள்.

நான் கண்ணை மூடி ஒரு மூச்சு இழுத்துப் பார்ப்பேன்.

"ஓடட்டும்" என்பேன்.