சர்க்கரைக்கு ஊசி வேண்டாம் என்றார்கள்

நேற்று ஆஸ்பத்திரியில் என் கையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவைக் கொடுத்தார்கள், அக்கா. சளி எடுத்துத் தருவதற்கு. எனக்கு இரண்டு வாரமாக இருமல், சர்க்கரையும் உண்டு. "சுகர் இருக்குங்களாம்மா? அப்படின்னா டிபி டெஸ்டும் எடுத்தரலாமுங்க" என்றது நர்ஸ் பெண், பேர், வயசு கேட்பதுபோல. கிருமி இல்லை என்று இன்று சொல்லிவிட்டார்கள். ஆனாலும் நேற்று அந்த டப்பாவோடு வரிசையில் நின்றபோது எனக்கு அருவருப்பாக இருந்தது. சளியை நினைத்து அல்ல. அன்று உங்களைச் சுற்றி இருந்த எங்களை நினைத்து.

தொண்ணூறுகளின் நடுவில் சோமனூரில் ஒரே தறிக்கூடத்தில் நூல் சுற்றினோம். தறிச் சத்தத்தில் பேச்சு கேட்காது. நீங்கள் உதட்டை அசைத்தே ஊர்க்கதை முழுக்கச் சொல்லுவீர்கள். நான் சிரித்து நூலை அறுத்துக்கொள்வேன். உங்களுக்கு இருமல் வந்தபோது எல்லாரும் பஞ்சுத் தூசி என்றோம். "ஒரு கட்டி வெல்லத்த வாயில போட்டுக்க அம்மணி, தூசி எறங்கிப்போகும்" என்று முதலாளி தினமும் வெல்லம் கொடுத்தார். சர்க்கரை வியாதி இருந்த நீங்கள் மரியாதைக்காக அதையும் தின்றீர்கள்.

அதற்கு ஒரு வருஷம் முன்பே உங்கள் வீட்டுக்காரர் உங்களுடைய சர்க்கரை மாத்திரையை நிறுத்தியிருந்தார். சந்தையில் எவனோ விற்ற பச்சைப் பொடிதான் மருந்து. "இங்கிலீஷ் மாத்திரை கொடல அரிச்சுப்போடுமாம் கண்ணு" என்று அவர் சொன்னதை நம்பி என்னிடமும் சொன்னீர்கள்.

காசநோய் என்று தெரிந்து இரண்டு மாதம் மாத்திரை தின்றும் காய்ச்சல் விடவில்லை. உடம்பு இன்னும் இளைத்தது. பஸ் ஏறி உங்கள் வீட்டுக்காரரோடு நாம் மூவரும் கோயமுத்தூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். காய்ச்சல் வந்த பிறகு அங்கே இருந்த டாக்டரம்மாதான் முதன்முதலாகச் சர்க்கரையைப் பார்த்தார், பார்த்ததும் கோபப்பட்டார்.

"இத்தன சர்க்கரை ரத்தத்துல இருந்தா ஒடம்பு எப்படிங்க கிருமியோட சண்ட போடும்? எதிர்ப்பு சக்தி குறைஞ்சுதான் டிபியே வந்திருக்கும். டிபி வந்ததால சர்க்கரை இன்னும் ஏறியிருக்கு. ரெண்டுக்கும் ஒண்ணா வைத்தியம் பாக்கணும். இன்சுலின் ஊசி போட்டே ஆகோணும்."

உங்கள் வீட்டுக்காரர் தலையாட்டினார். பஸ்ஸில் ஏறியதும், "ஊசின்னு ஆரம்பிச்சா சாகற மட்டும் ஊசிதான். அதெல்லாம் நம்மளுக்கு வேண்டாம்" என்று சொல்லி டாக்டர் எழுதிய சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். நீங்கள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். நான் டிக்கெட்டுக்குச் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அப்புறம்தான் ஊர் பேச ஆரம்பித்தது. எய்ட்ஸ் என்ற சொல் கிராமத்துக்குள் வந்திருந்த காலம். "மாத்திர கேக்கலீன்னா அது வேற நோவாத்தான் இருக்கோணும்" என்று குழாயடியில் ஒருத்தி சொன்னாள். உங்களைப் பற்றி, உங்கள் நடத்தையைப் பற்றி, எச்சில் தெறிக்கப் பேசினார்கள். உங்கள் வீட்டுக்காரர் காதிலும் அது விழுந்தது. இல்லை, சர்க்கரைதான் காரணம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் அதைச் சொன்னால், மாத்திரையை நிறுத்தியது யார் என்ற கேள்வி வருமே! பெண்டாட்டி மானம் போனாலும் சரி என்று அந்த மனிதர் வாயை மூடிக்கொண்டார். உங்கள் கட்டிலைத் தூக்கி நூல் மூட்டை போட்டிருந்த கொட்டகைக்கு மாற்றினார். நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகு, பதினாறாம் நாள் காரியத்தில் அவர் வடையை மறுபடி கேட்டு வாங்கித் தின்றதைப் பார்த்தேன். இன்றைக்கும் நினைத்தால் வாயில் கசப்பு ஊறுகிறது.

அவரை மட்டும் திட்டிவிட்டு இந்தக் கடிதத்தை முடித்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை.

கடைசியாக நான் உங்களைப் பார்க்கக் கொட்டகைக்கு வந்த அன்று, எழ முடியாமல் எழுந்து அடுப்பு மூட்டி எனக்கு டீ வைத்தீர்கள். நீங்கள் உள்ளே திரும்பிய நேரத்தில் அதைக் கொட்டகைக்குப் பின்னால் மண்ணில் ஊற்றினேன். நிமிர்ந்தால் வாசலில் நின்றிருந்தீர்கள்.

"சக்கர தூக்கலாப் போச்சாட்ட இருக்குது கண்ணு. நான் ருசி பாக்கறதில்லைல்ல, அளவு தெரியறதில்ல" என்றீர்கள், என் முகத்தைப் பார்க்காமல்.

டம்ளரால் இந்த நோய் ஒட்டாது என்று டாக்டரம்மா என்னைப் பார்த்தே சொல்லியிருந்தார். தெரிந்துதான் ஊற்றினேன், அக்கா.