வலப்பக்கச் சிறகின் கீழ் ஈரம்

மச்சான்,

இன்று காலை கல்லடியில் உன் பட்டறைக்குப் போயிருந்தேன். படகு எஞ்சின் ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்த உன் மகன் கைதவறிக் கொஞ்சம் பெற்றோலைச் சீமெந்துத் தரையில் ஊற்றிவிட்டான். மணம் குப்பென்று மூக்கில் ஏறியது. குனிந்து பார்த்தேன். வெயில் பட்ட தரையில் அது ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே போய், அவன் துணி எடுத்து வருவதற்குள் ஈரமே இல்லாமல் போய்விட்டது. "என்ன அங்கிள், என்னத்தத் தொலைச்சீங்க?" என்று பகிடி விட்டான். வாய் அப்படியே உன் வாய்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நேரே வீட்டுக்கு வந்து இதை எழுதுகிறேன்.

சனிக்கிழமை உன் மருமகள் வருகிறாள். உன் தங்கச்சியின் மகள்தான், பிளேன் ஓட்டப் படித்துப் பிறகு படிப்பிக்கவும் தொடங்கியவள். அதே செஸ்னாவில்தான் வருகிறாளாம். "அண்டைக்குப் போகாம விட்ட ரவுண்ட இந்தமுறை போவம் அங்கிள்" என்று நேற்று போன் எடுத்துச் சொன்னாள். நானும் ஓம் என்றுவிட்டேன். அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

நம் இருவருக்கும் இருந்த பிளேன் பைத்தியம் ஊருக்கே தெரியும். பெரிய ஜெட்டுகளை நீ ஏறெடுத்தும் பார்க்கமாட்டாய். பறக்கப் பழக்குகிற சின்னப் பிளேன்களில்தான் உனக்கு உயிர். டைகர் மொத், சிப்மங்க், செஸ்னா என்று எந்தப் பழைய படத்தைக் காட்டினாலும் எஞ்சின் முதல் சில்லு வரை ஒப்புவிப்பாய். யுத்தக் காலத்தில் மேலே இரைச்சல் கேட்டால் சனமெல்லாம் பங்கருக்குள் பாயும். நீ வாசலில் நின்று காதை நீட்டிக்கொண்டிருப்பாய். "உனக்கென்ன விசரா?" என்று உன் சட்டையைப் பிடித்து எத்தனை தரம் உள்ளே இழுத்திருப்பேன்! அப்போதெல்லாம் சொல்லுவாய்: "பயம் காட்டுற பிளேன் எல்லாம் பாத்தாச்சு மச்சான். படிப்பிக்கிற பிளேன் ஒண்டத் தொட்டுப் பாக்கோணும்."

அந்த ஆசை நிறைவேறக் கிட்டத்தட்ட முப்பது வருடம் ஆனது. உன் மருமகள் அந்த வெள்ளைச் செஸ்னாவை ரத்மலானையிலிருந்து ஓட்டிவந்து மட்டக்களப்பில் இறக்கினாள். இறங்கின கையோடு மழை பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் பிளேன் வெளியில் நனைந்தபடி நின்றது. மூன்றாம் நாள் வெயில் எறித்தது. வாவிக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்ற அனுமதி எடுத்துவிட்டு நம்மைக் கூப்பிட்டாள்.

இருப்பது இரண்டு இருக்கை. அதில் ஒன்று அவளுக்கு. உன் நிறையைக் கேட்டாள். "எண்பது" என்று கூசாமல் சொன்னாய். உன் வயிற்றைப் பார்த்துவிட்டு அவள் சிரித்தாள். "மாமா, கூடின நிறையோட இது மேல ஏறாது." நீ ஒரு கணம் ஓடுபாதையைப் பார்த்தாய். "அப்ப இவன் போகட்டும். எனக்கு ஒரு வேலை தா மகள். பெற்றோல் பாக்கிறத நான் செய்றன்."

பறக்க முன் இரண்டு சிறகுக்குள்ளும் இருக்கிற பெற்றோல் தாங்கிகளின் அடியிலிருந்து கொஞ்சத்தைக் கண்ணாடிக் குழாயில் இறக்கிப் பார்ப்பார்கள். விமானப் பெற்றோலுக்கு வெளிர்நீலச் சாயம். தண்ணீர் கலந்திருந்தால் நிறமில்லாமல் கீழே தங்கி நடுவில் ஒரு கோடு தெரியும். அந்தத் தண்ணீர் எஞ்சினுக்குள் போனால் நடுவானில் நின்றுவிடும். அதைப் பார்க்கவேண்டியவள் அவள். ஆனாலும் உன் முகத்தைப் பார்த்துக் குழாயைத் தந்துவிட்டாள். இடப்பக்கம் பார்த்தாய், ஊற்றினாய். வலப்பக்கம் பார்த்தாய், வானத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாய். "ஒரு கோடும் இல்ல. துப்பரவு" என்று சொல்லி அதையும் நிலத்தில் ஊற்றினாய். பிளேனைத் தொட்ட கையால் என் தோளில் ஓங்கித் தட்டினாய்.

ஏறி உட்கார்ந்து பெல்ட்டைப் போடும்போது என் வலப்பக்கக் கதவு வழியாகக் கீழே பார்த்தேன். இடப்பக்கம் நீ ஊற்றிய இடத்தை ஏறும்போதே பார்த்திருந்தேன், அது காய்ந்து போயிருந்தது. வலப்பக்கம் ஊற்றியது கையகல ஈரமாக அப்படியே கிடந்தது. கொதிக்கிற தரையில் பெற்றோல் அவ்வளவு நேரம் நிற்குமா? உன்னோடு பட்டறையில் கிடந்து வளர்ந்தவனுக்கு அது தெரியாதா? மழை ஈரமாக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சுற்றிவரத் தரை காய்ந்து வெளுத்துக் கிடந்தது.

அவள் எஞ்சினைத் தொடங்கினாள். நீ முன்னால் தள்ளி நின்று இரண்டு கையையும் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தாய். உன் கலியாணத்திலும் அப்படி ஒரு சந்தோசத்தை உன் முகத்தில் நான் காணவில்லை. "தண்ணி கிடக்கு" என்று சொன்னால் போதும். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது? பிளேன் நகர்ந்தது. சொல்லு சொல்லு என்று நெஞ்சு இடித்தது. ஓடுபாதை முனைக்குப் போய்த் திரும்பி நின்றாள். முன்னால் நீளமான பாதை, அதற்கப்பால் வாவி. "எல்லாம் சரிதானே அங்கிள்? போவமா?"

"பிள்ள, எனக்குத் தலை சுத்துது. இறக்கிவிடு."

அப்போதும் உண்மையைச் சொல்லவில்லை, பார்த்தாயா!

அவள் முகம் வாடிப்போய்த் திருப்பிக்கொண்டு வந்து எஞ்சினை நிறுத்தினாள். நீ ஓடிவந்தாய். "பேடிப்பயலே! இவ்வளவு காலமும் வாய்கிழியக் கதைச்சிட்டு இப்பயா பயம்?" நான் இறங்கினேன். அப்பாடா, தப்பினோம் என்று மூச்சு விட்டதுதான் தாமதம், அவள் உள்ளேயிருந்து சொன்னாள்: "பரவாயில்ல மாமா. முகில் கட்டுது. நான் இப்பிடியே திரும்பி ரத்மலானைக்கு வெளிக்கிடுறன்."

கதவைச் சாத்தினாள். உன் முகத்தைக் காப்பாற்றுவதாக நினைத்து அவளைத் தனியே அனுப்பப் பார்த்திருக்கிறேன். ஓடிப்போய்ச் சிறகைத் தாங்கும் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். "இறங்கு பிள்ள! வலப்பக்கத் தாங்கியில தண்ணி இரிக்கி!"

"ஆருக்கிட்ட கதைக்காய்?" என்று நீ பாய்ந்தாய். "நாப்பது வருசமா எஞ்சின் பாக்கிற எனக்கா?"

அவள் இறங்கினாள். குழாயை நிரப்பி வெள்ளைச் சிறகுக்கு முன்னால் பிடித்தாள். கோடு இல்லைத்தான். நீலமும் இல்லை. முழுக்கத் தண்ணீர். இன்னொரு தரம் இறக்கினாள், அதுவும் தண்ணீர். ஏழாவது தரம்தான் நீலம் வந்தது. சிறகின் மேல் மூடியின் ரப்பர் பழசாகி, இரண்டு நாள் மழையும் உள்ளே இறங்கியிருக்கிறது. நீ குழாயில் விரலை விட்டு மணந்தாய். நாக்கில் வைத்தாய். "வானத்துக்குப் பிடிச்சிட்டன் மகள்" என்றாய். "வானம்தான் நீலமாத் தெரிஞ்சிரிக்கு." அவள் உன்னைக் கட்டிக்கொண்டாள். "பாக்க வேண்டியது நான் மாமா. எண்ட பிழைதான்."

ஒரு மாதம் நீ என்னோடு அதைப் பற்றிப் பேசவில்லை. ஒருநாள் பட்டறையில் கார்புரேற்றரைத் துடைத்தபடி நிமிராமல் கேட்டாய்: "அது சரி, நீ அத எப்ப கண்டாய்?"

"இறங்கின பிறகுதான்" என்றேன்.

"அப்ப சரி" என்றாய். "முன்னமே கண்டிட்டு எனக்காக வாய மூடிக்கிட்டு இருந்திருந்தா உன்ன நான் மன்னிக்கமாட்டன்."

அதோடு விட்டாயா? புளியந்தீவுச் சந்தை வரைக்கும் என்னைக் கூட்டிக்கொண்டு போய், காண்கிற ஆளுக்கெல்லாம் சொன்னாய்: "இவண்ட கண்ணாலதான் எண்ட மருமகள் உயிரோட இரிக்கா." உன் பிழையை மறைக்காமல் சொல்லி, என்னைத் தூக்கி வைத்துக் கொண்டாடினாய். ஒவ்வொரு தரமும் எனக்கு உடம்பு கூசியது. போன மாரியில் நீ போய்விட்டாய். செத்தவீட்டில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அதையே சொல்லி அழுதாள். அங்கேயும் நான் தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன்.

சனிக்கிழமை ஏற முன்னம் அவளிடம் சொல்லிவிடப்போகிறேன். அதற்குப் பிறகு என்னை ஏற்றுவதும் விடுவதும் அவள் இஷ்டம். உன்னிடம்தான் முதலில் சொல்லியிருக்கவேண்டும். நீ அறைந்திருப்பாய். முகம் பாராமல் இருந்திருப்பாய். அதெல்லாம் எனக்கு வேண்டும்தான்.

பெல்ட் போடும்போதே கண்டேன் மச்சான். ஓடுபாதை முனைவரைக்கும் உன் மருமகளுக்குப் பக்கத்தில், தோளோடு தோள் முட்ட, தெரிந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன்.