நாலு கட்டம்

செவ்வாய், கரியாலூர்.

மல்லிகாவுக்கு அரிவாள் செல் இரத்தசோகை இல்லை. ஆனால் அதன் மரபணு இருக்கிறது. ஆய்வக முடிவை, இந்த நோயைப் பற்றி எழுத வந்திருக்கும் என்னிடம் அவளே இன்று காட்டினாள். கல்லூரியில் படிக்கிறாள். தாய்மாமன் மகனுக்குப் பேசி முடித்திருக்கிறார்கள்.

பெற்றோர் இருவரிடமும் மரபணு இருந்தால், பிள்ளைக்கு நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு என்று அவளுடைய கல்லூரி ஆசிரியை வகுப்பில் நான்கு கட்டம் போட்டு விளக்கியிருந்தார். மல்லிகா அதை வீட்டிலும் வரைந்து காட்டியிருக்கிறாள். மாலையில் ஆசிரியையோடு நானும் அங்கே போனேன்.

"நாலாவது புள்ளைக்குத்தான டீச்சர் வரும்? நாங்க ரெண்டோட நிறுத்திக்கிறோம்," என்று அவள் அம்மா சிரித்தார்.

"இல்லக்கா, மொத புள்ளைக்கே வரலாம். ஒவ்வொரு வாட்டியும் அதே பயம்தான்."

"நீங்கதான நாலு கட்டம் போட்டீங்க? இப்ப இன்னா மாத்திப் பேசறீங்க?"

ஆசிரியை மறுபடியும் முதலிலிருந்து விளக்கினார். அம்மா டீ போட எழுந்து போய்விட்டார்.

"கட்டிக்கப்போற மாமாவும் டெஸ்டுக்கு ரத்தம் குடுத்துட்டு வந்துட்டாரு சார்," என்றாள் மல்லிகா. "எதுவா இருந்தாலும் இவங்க நிறுத்த மாட்டாங்க."



மாப்பிள்ளையின் பரிசோதனை முடிவு அடுத்த வெள்ளிக்கிழமை வரும். கல்யாணம் அதற்கு முந்தின நாள்.