இறுகல்

1971 ஜனவரி 18, காரைக்குடி

கோவிலூர்ப் பாதையில் ஆழ்துளைக் கிணறு. ஐந்தடியிலேயே ஏற்கெனவே இறுகிப்போன செம்பூராங்கல், துளைக்கும் முனை மழுங்கிவிட்டது. இறுகாத இடத்தில் இதே கல்லைப் புதிதாகத் தோண்டும்போது மண்வெட்டியாலேயே செதுக்கலாம். காற்றும் வெயிலும் பட்ட பிறகுதான் சுவர் வைக்கிற கல்லாகிறது. "அப்புறம் எத்தனை நாள் தண்ணியில போட்டாலும் இளகாது" என்றார் எங்கள் நிலவியல் அதிகாரி. அவர் புத்தகத்தில் இதற்கு 'இன்டுரேஷன்' என்று பெயர். மண் மாதிரி ஏட்டில் 'இறுகல்' என்று எழுதினேன்.

வீட்டில் தங்கை பூரணிக்கு விரல்கள் வெளுத்து, பிறகு நீலமாகியிருந்தன. "பச்சத்தண்ணியில கைய வச்சேன், அதுக்குத்தாண்ணே" என்றாள்.

பிப்ரவரி 26

பூரணியால் சாக்பீஸைப் பிடிக்க முடியவில்லை. அவளுடைய இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளே பலகையில் எழுதுகிறார்களாம். புறங்கைத் தோலைக் கிள்ளிப் பார்த்தேன். கிள்ள வரவில்லை. எலும்போடு ஒட்டி, கெட்டியாக, பளபளவென்று—

ஏப்ரல் 3

தலைமையாசிரியை அவளை விடுப்பில் போகச் சொல்லிவிட்டார். காரணம் சொல்லவில்லை. தெருவில் சொல்லிவிட்டார்கள்: பெருவியாதி.

ஏப்ரல் 6

என் மனைவி செபமாலை அவளுக்குத் தனித் தட்டு வைத்தாள். பிள்ளையை அவளிடம் போகவிடவில்லை. பூரணி அந்தத் தட்டிலேயே சாப்பிட்டாள். நான் தடுக்கவில்லை.

ஏப்ரல் 22

எழுதத்தான் வேண்டும். இன்று பூரணியைத் தொழுநோய் இல்லத்துக்குக் கூட்டிப்போனேன். மருந்து வாங்க என்று சொல்லி. இரண்டு நாள் தங்க வேண்டியிருக்கும் என்று நானே பெட்டியில் அவள் துணிகளை எடுத்துவைத்தேன்.

அங்கிருந்த டாக்டரம்மா அவள் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சாலும் ஊசியாலும் கையில் தொட்டுத் தொட்டுக் கேட்டார். ஒவ்வொரு தடவையும் "தெரியுது" என்றாள். "உணர்ச்சி நல்லா இருக்கு. இவங்களுக்கு அந்த நோயே இல்ல. மதுரைக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் பார்த்தபடி கேட்டாள்.

"என்னைய அங்குட்டே விட்டுட்டுப் போகத்தான வந்தீக?"

"இல்ல தாயி."

"பெட்டியில ஆறு சேலை இருந்துச்சுண்ணே. ரெண்டு நாளைக்கு எதுக்கு ஆறு?"

பெட்டியைக் காலால் இருக்கைக்கு அடியில் தள்ளினேன்.

மே 10

மதுரை. டாக்டர் சீட்டில் எழுதியதைப் படித்தேன். இன்டுரேஷன். அதே வார்த்தை.

"தோல் இறுகுது. யாருக்கும் ஒட்டாது. ஆனா இளக வைக்க மருந்து கிடையாது. தோலோட நின்னாச் சரி. உள்ள போனாத்தான் கஷ்டம்."

எதனால் வந்தது என்று கேட்டேன். பாறை இறுகுவதற்குக் காரணம் கேட்டால் நானே சொல்வேன். அவர் "தெரியல" என்றார்.

ஜூன் 8

டாக்டர் கடிதத்தைப் பள்ளிக்கூடத்தில் காட்டினேன். "எனக்குப் புரியுது சார். பெத்தவுக நம்பணுமே" என்றார் தலைமையாசிரியை. பூரணியின் இடத்துக்கு வேறு ஆள் எடுத்தாயிற்று.

செபமாலை அந்தத் தட்டைக் கொல்லையில் வீசிவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

நவம்பர் 2

கல்லறைத் திருநாள். கல்லறைத் தோட்டத்துக்குப் பூரணி வரவில்லை. நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்குகிறது. சோறு இறங்குவதில்லை, கஞ்சிதான்.

1972 ஆகஸ்ட் 15

மாதா திருநாள் பூசை. பூரணியால் இப்போது ஒரு விரல் அகலத்துக்கு மேல் வாயைத் திறக்க முடியாது. நன்மை வாங்க அவளும் செபமாலையும் பக்கத்தில் பக்கத்தில் முழந்தாளிட்டார்கள். சாமியார் நற்கருணை அப்பத்தில் ஒரு பொட்டு கிள்ளி அவள் உதடுகளுக்கிடையே வைத்து, விழுங்கும்வரை நின்றார். அதுவரை வரிசையும் நின்றது.

நான் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை. பதினாறு மாதமாக நன்மை வாங்கவில்லை. அவளை விட்டுவரப் போன அந்தப் பயணத்தைச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வாய் வரவில்லை; சொல்லாமல் நன்மை வாங்கக் கூடாது.

வரும் வழியில் பூரணி கேட்டாள்: "ஏண்ணே நீங்க வரல?"

"காலையிலயே காப்பி குடிச்சுட்டேன் தாயி. நன்மைக்கு முன்னால எதுவும் குடிக்கக் கூடாதுல்ல."

காலையில் எங்கள் வீட்டில் அடுப்பே பற்றவைக்கவில்லை என்பது அவளுக்கும் தெரியும். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.