மேளக்காரி மிர்லாந்துக்கு

லெயோகான்
ஞாயிறு மதியம்

மிர்லாந்து, அம்மா எழுதுகிறேன். கர்த்தர் கிருபையில் என் உடம்புக்குக் குறைவில்லை. உன் சுகத்தை விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை, ஆனாலும் பெற்றவள் அதைக் கேட்காமல் கடிதம் தொடங்கக் கூடாது, அதனால் கேட்கிறேன், நன்றாக இருக்கிறாயா?

ஆப்பிரிக்காவில் பெனினிலிருந்து நீ போட்ட கடிதம் வந்தது. முழுக்க மேளம். அந்த ஊர் அடியும் நம் ஊர் அடியும் அக்கா தங்கை மாதிரி இருக்கிறதாம், நம் முன்னோரை அங்கேயிருந்து கப்பலில் விலங்கு போட்டு ஏற்றியவனால் அவர்கள் கையிலிருந்த தாளத்தைப் பிடுங்க முடியவில்லையாம். என் முதுகுவலி எப்படி இருக்கிறது என்று ஒரு வரி இல்லை. பாஸ்டனில் ஜாஸ் டிரம்ஸ் வாசிக்கிறேன் என்றாய், சரி என்றேன், கறுப்புக் கோட்டும் ஓட்டல் மேடையுமாக நீ இருந்த படத்தைச் சபையில் எல்லாருக்கும் காட்டினேன். பிறகு ஒரு நாள், "ஒரு வெள்ளைக்காரன் நம்ம ஊர்த் தாளத்தை எனக்கு வாசிச்சுக் காட்டுறான்மா, வெட்கமாப் போச்சு" என்று போனில் அழுதாய். வெட்கம் வந்தால் ஜெபம் பண்ண வேண்டியதுதானே. நீயோ என்னைப் பார்க்க வருகிறேன் என்று ஊருக்கு வந்து, விடிந்தால் என் தம்பி எஸ்திமே ஆவிகளுக்கு மேளம் அடித்துக் கும்பிடுகிற வோடு பூசை வீட்டில் போய் உட்கார்ந்தாய். நான் ஞானஸ்நானம் எடுத்த பிறகு அவனோடு எனக்குப் பேச்சே இல்லை என்று உனக்குத் தெரியாதா? கையால் அடித்துப் பழகு என்று அவன் உன் ஜாஸ் குச்சிகளைப் பிடுங்கி அடுப்பில் வைத்ததைச் சிரித்துக்கொண்டே வந்து என்னிடமே சொல்கிறாய். அங்கே பெரிய மேளத்துக்கு அம்மா என்று பெயராம். மாட்டுத் தோலுக்கு அம்மா பட்டம், பெற்றவளுக்கு வாழைக்காய் வறுத்துப் போடுகிற வேலை!

நீ பெனினுக்குப் போன பிறகு நடந்ததைக் கேள். பூசையில் நீ வேர்த்து விறுவிறுத்து அடிக்கிறதை எவனோ படம் பிடித்து, அது பக்கத்து வீட்டு யோலெத்தின் போனுக்கு வந்து, சாயங்காலத்துக்குள் சபை முழுக்கப் பார்த்தாயிற்று. அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை போதகர் வில்னேர் என்னைப் பாடகர் குழுவிலிருந்து முன்னால் கூப்பிட்டார். "சகோதரி கிளேர்மீஸ், பிசாசுக்கு மேளம் அடிக்கிறவ என் மக இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க, முடிஞ்சுபோச்சு" என்றார். அதே வார்த்தையை வீட்டில் உன் படத்தைப் பார்த்து நானே சொல்லியிருந்தேன். அவர் வாயிலிருந்து கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அவ என் மக. அவளைத் திட்டுறதுக்கு நான் இருக்கேன், நீங்க உங்க வேலையைப் பாருங்க" என்று சொல்லிவிட்டேன். பாடகர் குழு அங்கியை அப்போதே கழற்றி வாங்கிக்கொண்டார்கள். நான் கட்டி வளர்த்த குழுவை இப்போது யோலெத் நடத்துகிறாள், சுருதியே சேரவில்லையாம்.

இதைக் கேள்விப்பட்டு எஸ்திமே வாசலில் வந்து நின்றான். "அக்கா, எங்களுக்காகச் சபையில சண்டை போட்டியாமே" என்று பல்லைக் காட்டினான். "உங்களுக்காக இல்லடா, போடா" என்று கதவைச் சாத்தினேன். நீயும் அப்படி நினைத்துக்கொள்ளாதே. உன் மேளம் எனக்கு இன்றைக்கும் ஆகாது, என்றைக்கும் ஆகாது.

இன்று காலை தாப்-தாப் வண்டியில் இடிபட்டு, என்னை யாருக்கும் தெரியாத கிரெசியே ஊர்ச் சபைக்குப் போனேன். நல்ல ஜனங்கள், பக்கத்தில் உட்காரவைத்தார்கள். பிள்ளைகள் உண்டா என்றார்கள், ஒரே மகள் என்றேன். என்ன செய்கிறாள் என்றார்கள். நர்ஸ் என்று சொல்லியிருக்கலாம். "மேளம் அடிக்கிறா, ஆப்பிரிக்கா வரைக்கும் போய்க் கத்துக்கிறா" என்றேன். ஒருத்தி நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டாள். போடட்டும் என்று கடைசிப் பாட்டு வரைக்கும் அங்கேயே உட்கார்ந்து, அவளுக்குக் கேட்கும்படி உரக்கப் பாடிவிட்டுத்தான் வந்தேன்.

நீ கேட்காவிட்டாலும் உன்னை ஆசீர்வதிக்கிறேன். கர்த்தர் உன் கைகளைக் காப்பாராக, அவை எதை அடித்தாலும். கொசுவலை கட்டாமல் படுக்காதே. பதில் எழுதும்போது முதல் பக்கத்தில் என்னை விசாரி.

கோபம் தீராத உன் அம்மா,
கிளேர்மீஸ்