துடுப்பு நின்ற இடம்

பத்தாவியா,
கீலக வருஷம், ஆனி 8.

என் ருக்குவுக்கு பூபதி எழுதுவது. நான் சுகம். உன் சுகம் அறிய ஆவல்.

இங்கே ஒல்லாந்தர் கப்பலிலிருந்து சரக்கு இறக்கும் படகில் துடுப்புப் போடுகிறேன். எழுதிக் கொடுத்த மூன்று வருஷத்தில் பாதிக்கு மேல் கழிந்துவிட்டது.

துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு மணல்திட்டு இருக்கிறது. சாயங்காலமானால் மலாய்க்காரர்கள் வட்டமாக நின்று, பிரம்பால் பின்னிய பந்தைக் காலால் உதைத்து ஆடுவார்கள். கை படக்கூடாது, கீழே விழக்கூடாது. சுற்றிலும் சீனர், ஜாவாக்காரர், ஒல்லாந்தச் சிப்பாய்கள், நம் பக்கத்து ஆட்கள் நாலு பேர். பந்து விழப்போகும்போது அத்தனை வாயிலிருந்தும் ஒரே சத்தம்தான். நம் ஊர்க் கோட்டைக்கு முன்னால் ஒல்லாந்தர் கோலால் பந்தை அடித்துக்கொண்டு போவார்களே, அந்த ஆட்டமும் இங்கே உண்டு. அதை அவர்களைத் தவிர ஒரு காக்காய்கூட நின்று பார்ப்பதில்லை.

நேற்று என் பக்கத்தில் வாழைக்காய் பொரித்து விற்கிறவள் நின்றாள். தரைக்கு ஒரு சாண் இருக்கும்போது ஒருவன் குதிகாலால் பந்தைத் தட்டி எழுப்பினான் பார், அவள் என் தோளைப் பிடித்து உலுக்கிக் கத்தினாள். நானும் கத்தினேன். அவள் பேச்சு எனக்குத் தெரியாது, என் பேச்சு அவளுக்குத் தெரியாது. கத்துவதற்குப் பாஷை எதற்கு? உன் ஞாபகம் வந்தது.

உன் பூபதி


பழவேற்காடு,
கீலக வருஷம், புரட்டாசி 12.

பூபதி மாமாவுக்கு ருக்கு சொல்ல, மாசிலாமணி அண்ணன் எழுதும் ஓலை. இங்கே என்னைத் தவிர எல்லோரும் சுகம்.

உங்கள் ஓலையை அண்ணன் இரண்டு தரம் படித்துக் காட்டினார். தோளைப் பிடித்த இடம் வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். அவருக்கு வெட்கம், எனக்கு வயிற்றெரிச்சல்.

அவள் கையால் வாங்கித் தின்றீர்கள் என்றால் பசி என்று விட்டிருப்பேன். பக்கத்தில் நின்று ஆட்டம் பார்த்ததைத்தான் தாங்க முடியவில்லை. கல்யாணமான முதல் தையில், படகுப் போட்டிக்கு என்னை எங்கே நிறுத்தினீர்கள்? படகுகள் திரும்பும் கம்பத்துக்கு நேரே, முழங்கால் தண்ணீரில். நம் குப்பத்துப் படகு முந்தியபோது உங்கள் தோளை அடித்து அடித்து என் வளையல் நாலு உடைந்தது. நீங்கள் என் புருஷன் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது, தாலி கட்டியபோது இல்லை. இதை எழுத வேண்டாம் என்கிறார் அண்ணன். எழுது என்கிறேன்.

அந்தத் தோளை ஒருத்தி பிடித்து உலுக்குவாளாம், இவரும் கூடக் கத்துவாராம். அவளுக்கு என்ன வயசு? அதை ஏன் எழுதவில்லை? கடைசியில் உன் ஞாபகம் வந்தது என்று ஒரு வரி போட்டால் எல்லாம் சரியாகிவிடுமா?

வருகிற தைக்கும் நான் அதே இடத்தில்தான் நிற்பேன். என் பக்கத்தில் யார் நிற்பார் என்று நீங்களும் கொஞ்சம் யோசித்துக்கொண்டிருங்கள்.

ருக்கு


பத்தாவியா,
சௌமிய வருஷம், வைகாசி 20.

ருக்குவுக்கு பூபதி எழுதுவது.

வாழைக்காய்க்காரிக்கு என் அம்மா வயசு. முதலிலேயே எழுதியிருக்கலாம். நீ கொஞ்சம் எரியட்டும் என்றுதான் விட்டேன். இப்போது எரிகிறவன் நான்.

சுண்ணாம்புக்குளத்து அர்ஜுனன் புதிதாக இங்கே வேலைக்கு வந்திருக்கிறான். தைப் போட்டியை எதிர்க்கரையிலிருந்து பார்த்தானாம். உன்னைப் பார்த்தானா என்று நான்தான் கேட்டேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நாலு பேர் கஞ்சி குடிக்கும் இடத்தில் சொன்னான்:

“உன் பொண்டாட்டி பக்கத்துல நெட்டையா ஒருத்தன், செவப்புத் தலப்பா. அது அவன் தோள்லயே போட்டு அடிக்குது, அவன் அசையவே இல்ல.”

புதிதாக அடி வாங்குகிறவன் நகர்ந்துகொள்வான். அசையாமல் நிற்கிறவன் பழகியவன். நான் முட்டாள் இல்லை ருக்கு. அன்றிலிருந்து பந்தாட்டம் பார்க்கப் போவதில்லை. அங்கே எல்லோரும் கத்தும்போது எனக்கு உன் சத்தம் கேட்கிறது, அவன் தோளும் தெரிகிறது.

இன்னும் மூன்று வருஷத்துக்கு எழுதிக் கொடு என்று மேஸ்திரி தினம் நச்சரிக்கிறான். ஐப்பசிக் கடைசி நாள்வரை பார்ப்பேன். அவன் யார் என்று அதற்குள் பதில் வரவில்லையானால் அவன் நீட்டும் ஓலையில் கைக்கீறல் வைத்துவிடுவேன். அப்புறம் உன் இஷ்டம்.

பூபதி


பழவேற்காடு,
சௌமிய வருஷம், ஆடி 30.

மாமாவுக்கு ருக்கு.

அந்த நெட்டையன் நம் வீட்டில்தான் இருக்கிறான். கூரைக்கட்டையில் செருகி வைத்திருக்கிறேன். அது உங்கள் துடுப்பு, மாமா.

மறந்துவிட்டதா? வெளியூர் போனவனின் துடுப்பைப் போட்டியன்று கரையில் நட்டு நிறுத்தினால்தான் ஏரியில் வலை போடும் முறையில் அவன் பெயர் இருக்கும். துளசிங்கம் நாட்டார் கரையோடு நடந்து துடுப்புகளை எண்ணிப் பார்த்துத்தான் யார் எங்கே வலை போடுவது என்று பாடு கொடுப்பார். நீங்கள்தானே கப்பலேறும்போது அதை என் கையில் கொடுத்து, “பாடு போயிடாம பாத்துக்க ருக்கு” என்று சொன்னீர்கள்? ஏரியில் பிறந்தவன் இதைக்கூட மறப்பானா?

மற்றவர்கள் மேட்டு மணலில் வரிசையாக நட்டார்கள். நான்தான் நம் இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்த் தண்ணீரில் நட்டு, உங்கள் சிவப்புத் தலைப்பாகையைக் கட்டினேன். கோட்டையிலிருந்து வந்து நின்ற ஒல்லாந்தர்கூடச் சிரித்தார்கள். சிரிக்கட்டும். படகு முந்தியதும் எல்லோரும் கத்தினார்கள், அந்த ஒல்லாந்தரும் கத்தினார்கள், நான் துடுப்பைப் போட்டு அடித்தேன். உள்ளங்கை வீங்கி மூன்று நாள் உலை வைக்க முடியவில்லை.

பொறாமையில் என்னையே ஜெயித்துவிட்டீர்கள். போதும். கைக்கீறல் வைக்காதீர்கள் மாமா. தைக்கு வந்து உங்கள் இடத்தில் நில்லுங்கள்.

உங்கள் ருக்கு


பத்தாவியா,
சௌமிய வருஷம், கார்த்திகை 5.

ருக்கு,

ஐப்பசி முடியும் அன்று பொழுது சாயும்வரை துறையில் நின்றேன். கப்பல் வரவில்லை. அர்ஜுனன் வேறு என்னைப் பார்த்துச் சிரித்தான். போய்க் கைக்கீறல் வைத்துவிட்டேன். நாலு நாள் கழித்து உன் ஓலை வந்தது.

மேஸ்திரி காலில் விழுந்து பார்த்தேன். எழுதியது எழுதியதுதான் என்கிறான்.

மூன்று வருஷம். துடுப்பை மட்டும் எடுத்துவிடாதே.

பூபதி


பழவேற்காடு,
சௌமிய வருஷம், தை 20.

மாமாவுக்கு ருக்கு எழுதச் சொன்னது.

உங்கள் ஓலை போட்டிக்கு இரண்டு நாள் முன்னால் வந்தது. என் சொல்லுக்குக் காத்திருக்க நாலு நாள் உங்களுக்கு இல்லாமல் போனது. ஆனாலும் போட்டியன்று துடுப்பை அதே இடத்தில் நட்டேன். தலைப்பாகை கட்டவில்லை.

கம்பம்வரை நம் படகு இரண்டாவதாகத்தான் வந்தது. கம்பத்தைச் சுற்றித் திரும்பும்போது நம் படகில் இருந்த முனியனின் துடுப்பு கம்பத்தில் மோதி முறிந்தது. கரை முழுக்க ஐயோ என்றது. நானும் ஐயோ என்றேன். அடுத்து என்ன செய்தேன் என்று செய்த பிறகுதான் தெரிந்தது மாமா. உங்கள் துடுப்பைப் பிடுங்கிக்கொண்டு இடுப்புத் தண்ணீரில் ஓடி முனியன் கையில் கொடுத்துவிட்டேன்.

ஜெயித்தோம். ஒரு முழ வித்தியாசம்தான்.

நாட்டார் கரையோடு எண்ணிக்கொண்டு வந்தார். உங்கள் இடத்தில் தண்ணீர்தான் இருந்தது. அவருக்கும் சங்கடம்தான். “துடுப்பு நிக்கல, பேரும் நிக்காதும்மா” என்றார். சாயங்காலம் முனியன் துடுப்பைத் திருப்பிக் கொடுக்க வந்தான். அது ஜெயித்த துடுப்பு, உன்னிடமே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

நம் படகு கரை தட்டியபோது ஊரே கத்தியது. நானும் பக்கத்தில் இருந்த ஒரு தோளைப் போட்டு அடித்தேன். அது யார் தோள் என்று எழுதட்டுமா என்று மாசிலாமணி அண்ணன் கேட்கிறார். வேண்டாம் என்றேன்.

ருக்கு